ஒருநாள் சீருடை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன்.

ஆட்களுக்கு வேலை கொடுப்பதாகச் சொல்லி அரசாங்க மானியம் வாங்கிய எங்கள் முதலாளி, அந்தப் பணத்தில் மெஷின் வாங்கிப் போட்டு, பெட்டி ஒட்டிய எங்களைப் போன மாதமே துரத்திவிட்டான். நேற்று திடீரென்று கூப்பிட்டான். மறுபடி வேலை என்று நம்பி ஓடினோம். புதுச் சீருடை மாட்டி வரிசையாக நிறுத்தினான்.

பார்வையிட வந்த அதிகாரியிடம், "எல்லாம் புது ஆளுங்க சார், மானியத்தால வந்த வேலை" என்று கூசாமல் புளுகினான். அதிகாரியின் கார் கிளம்பியதும் கேட்டிலேயே சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டான். விளங்குவானா அவன்?

மாமா வந்தால் என் பழைய சட்டைகளைக் கொடுத்தனுப்பு. உன் கையால் மடித்துக் கொடு.

யாராவது கேட்டால், பையன் கம்பெனியில் இருக்கிறான் என்றே சொல். அரசாங்கக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

உன் பெரியவன்