சாப்பிடும்போது என்ன பேசுவீர்கள்?

மார்ச் 3

பகல் ஷிஃப்ட். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஒருவழியாக நாற்காலிகளை மாற்றிவிட்டார்கள். முதுகு பிழைத்தது. வீட்டுக்கு வந்தபோது மகள் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தாள். இவர் இன்னும் வரவில்லை. எங்கேயோ ஒரு லிஃப்ட் பாதியில் நின்றிருக்கும், சரிசெய்யப் போயிருப்பார். நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன். பிறகு இவர் வந்து டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். வழக்கமான நாள்தான்.

வழக்கமில்லாதது ஒன்று. துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் கதவருகே வந்து நின்றாள்.

"அம்மா, அடுத்த ரெண்டு வருஷம் அத்தை வீட்ல தங்கிப் படிக்கட்டுமா?"

அத்தை என்றால் இவருடைய தங்கை. பக்கத்து ஊர்.

"ஏன், அங்க ஸ்கூல் நல்லாருக்கா?"

"அதுவும்தான்." கதவுப் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அங்க எல்லாரும் பேசிக்கிறாங்கம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன். மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இந்த வீட்டில் யார் குடிக்கிறார்கள்? யார் யாரை அடிக்கிறார்கள்? வாய் திறந்து ஒரு குறை சொல்ல முடியாத வீடு. அப்புறம் ஏன் ஒரே சட்டையை மூன்று முறை மடித்தேன்?

மார்ச் 4

இவரிடம் சொன்னேன். "போகட்டும், படிப்புக்கு நல்லதுதானே" என்றார். அதற்குப் பிறகு விளம்பரம் வந்தபோதுகூடச் சேனலை மாற்றவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று குடும்பமாக உட்கார்ந்து கேரம் ஆடுவது என்று நான் முடிவெடுத்தேன். மூன்று போனையும் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இவர் முதல் காயைத் தட்டியதுமே டின்னுக்குள்ளிருந்து மணி அடித்தது. அவருடைய அவசர அழைப்பு. முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். தரையெல்லாம் அரிசி. அவர் கிளம்பிப் போனார், அவள் அறைக்குள் போனாள், நான் துடைப்பத்தை எடுத்தேன்.

எல்லாரும் சந்தோஷமா இருங்கன்னு ஆர்டர் போட்டா வருமா? எனக்கே சிரிப்பு வருது. சிரிப்புன்னு சொல்ல முடியாது.

மார்ச் 21

இன்று நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

காலையில் ஓர் அழைப்பு. ஒரு பெண், மூச்சு வாங்குகிறது. "டிரைவிங் கத்துக்கிறேங்க. திடீர்னு மாஸ்டர் பேச மாட்டேங்கிறார். வாய் ஒரு பக்கமா இழுக்குது."

"வண்டி ஓடுதா?"

"இல்லங்க, ஓரமா நிறுத்திட்டேன். ஹேண்ட் பிரேக் போட்டுட்டேன். அவர் சொல்லிக்குடுத்த மாதிரியே."

இடம் கேட்டேன், சொன்னாள். வண்டிக்கு அடையாளம் கேட்டேன். மஞ்சள் வண்டி, மேலே பலகை என்று சொல்லி, டிரைவிங் ஸ்கூலின் பெயரையும் சொன்னாள்.

அது மாமாவின் வண்டி. இவருடைய கூடப்பிறந்த அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல், டிரைவிங் ஸ்கூல் மாடியிலேயே ஓர் அறையில் இருப்பவர். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த, வாய் ஓயாத மனுஷர்.

என் குரல் மாறவே இல்லை. "நான் லைன்லதான் இருக்கேன். அவர் கையைப் பிடிச்சுக்கோங்க. பக்கத்துலயே இருக்கீங்கன்னு சொல்லிட்டே இருங்க." ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை பேசினேன். ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் இவருக்குப் போன் போட்டேன்.

மார்ச் 27

உயிருக்கு ஆபத்தில்லை. பக்கவாதம். வலது கை, வலது கால் பலவீனம். சொல்வது முக்கால்வாசி புரிகிறது, ஆனால் பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிச்சம்: "பிரேக்." தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான். ஜன்னலைச் சாத்து என்றாலும் அதுதான். வாழ்நாள் முழுவதும் கத்திய சொல் அது ஒன்று மட்டும் தொண்டையில் தங்கிவிட்டது. தப்பான சொல் வருகிறது என்று அவருக்கும் தெரிகிறது. அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். டிவி கூடாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். அவர் சொல்லைத் தேடும்போது யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும்.

"தனியா ஒண்ணும் வேண்டாம். சாப்பிடும்போது வீட்ல என்ன பேசுவீங்களோ, அதையே பேசுங்க. அதுதான் அவருக்கு மருந்து."

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஏப்ரல் 6

மாமாவை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மகள் யாரும் கேட்காமலே தன் அறையைக் கொடுத்துவிட்டு ஹாலுக்கு வந்துவிட்டாள். "ஜூன்ல போகப்போறேன்ல, இருக்கட்டும்."

மேசையில் நான்கு பேர். யாருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. உப்பைக்கூட ஒரு பேச்சுக்காகக் கேட்டேன். கடைசியில் இவர் தொண்டையைச் செருமிவிட்டு, "இன்னைக்கு ஒரு லிஃப்ட்ல..." என்று ஆரம்பித்தார். லிஃப்ட் மேலே போனால் எதிர்ப்பக்கம் ஓர் எடைக்கல் கீழே வருமாம். ஆளில்லாமல் காலியாக மேலே போகும்போது எடைக்கல்லே இழுத்துக்கொண்டு போய்விடும், பிடித்து நிறுத்துவதுதான் வேலை என்றார். இரண்டு தம்ளரை வைத்துக் காட்டினார்.

"அப்பா, அந்த இருட்டுக் குழிக்குள்ள நீங்க எறங்குவீங்களா?" என்றாள் மகள்.

"பின்ன யாரு எறங்குவா?"

"பயமா இருக்காதா?"

இவர் யோசித்தார். "இருக்கும்" என்றார்.

அவருக்குப் பயம் உண்டு என்பது எனக்கும் அதுவரை தெரியாது.

ஏப்ரல் 7

இன்று என் முறை. அழைப்புகளில் சிரிக்கக்கூடியதை மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 19

சந்தோஷமாவது ஒண்ணாவது. தூக்கம் வருது, அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து மாமாவுக்குக் குளிக்க ஊத்தி, சமைச்சு, மறுபடி பேசணும், பேசணும், பேசணும். வாய் வலிக்குது.

சாப்பிடும்போது மாமா ஏதோ சொல்லப் பார்த்தார். "ப்... ப்..." என்று திணறினார். இவர் பொறுக்காமல் "பாலா? பழமா? படுக்கணுமா?" என்று அடுக்கினார். மாமா இடது கையால் மேசையைக் குத்தினார். அவர் தட்டு கீழே விழுந்தது. "அப்ப நீயே சொல்லித் தொலை!" என்று கத்திவிட்டு இவர் வெளியே போய்விட்டார்.

மகளை மாமா பக்கத்தில் விட்டுவிட்டு நானும் போனேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கைந்து பேர் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள்.

"சின்ன வயசுலேர்ந்து அண்ணன்தான் எனக்கும் சேர்த்துப் பேசும்" என்றார். "வாத்தியார்கிட்ட, அப்பாகிட்ட... உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட யாரு பேசினது? எனக்குப் பேச வேண்டிய அவசியமே வரல. இப்ப அது ஒரு வார்த்தைக்காக மல்லுக்கட்டுது. என்னால பாக்க முடியலடி."

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. எனக்கு அழுகையும் வந்தது, கூடவே நிம்மதி மாதிரி ஏதோ ஒன்றும் வந்தது. நிம்மதிப்படுவது தப்பா?

திரும்பி வந்தபோது மகள் தரையைத் துடைத்து முடித்திருந்தாள். "அப்பா, பெரியப்பா உங்களுக்குப் பசிக்கும்னுதான் சொல்ல வந்திருக்கார். நீங்க ஒண்ணும் சாப்பிடலன்னு, போனப்புறமும் உங்க தட்டையே காட்டிக்கிட்டு இருந்தார்."

மே 2

மேலதிகாரியைப் பற்றி மேசையில் திட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்தாமல், மூச்சுவிடாமல். மாமா இடது கையைத் தூக்கி, "பிரேக்!"

மகளுக்குப் புரையேறியது. இவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது, ஆனால் முழுச் சிரிப்பு. வேறெதையோ கேட்க நினைத்தாரா, என்னைத்தான் நிறுத்தச் சொன்னாரா என்று தெரியவில்லை. அடுத்து, தெளிவாக, "தண்ணி" என்றார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் சொம்பைப் பார்த்தோம். அவரே எட்டி எடுத்துக் குடித்தார்.

மே 25

மாடியில் துணி எடுக்கும்போது மகளிடம் கேட்டேன். வேலையில் கேட்பதைப் போலவே. "என்ன ஆச்சு? மொதல்லேர்ந்து சொல்லு."

ரொம்ப நேரம் கிளிப்பை மட்டும் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் சொல் எடுத்துக்கொடுக்கவில்லை. காத்திருந்தேன். மாமாவுக்காகப் பழகியதுதான்.

வருஷ ஆரம்பத்தில் அவளுடைய தோழிகள் அவளை ஒதுக்கிவிட்டார்களாம். காரணம்கூடச் சொல்லவில்லையாம். பள்ளியில் மதியம் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள். "காலைல நீங்க போயிடுவீங்க. சாயங்காலம் யாரும் வந்திருக்க மாட்டீங்க. மூணு வேளையும் தனியாவே சாப்பிட்டேன்மா. பேசாம இருக்கிறதால என் குரலே எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு."

'ஏன் அப்பவே சொல்லல' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அவள் இன்னும் முடிக்கவில்லை. காய்ந்த துணியெல்லாம் தோளில் கிடக்க, அவள் முடிக்கும்வரை நின்றேன்.

கடைசியில், "இப்பவும் போகணுமா?" என்றேன்.

"போகணும்மா. அந்த ஸ்கூல் நிஜமாவே நல்ல ஸ்கூல்." சிரித்தாள். "மார்ச்ல போயிருந்தா அது ஓடிப்போறது. இப்ப படிக்கப் போறேன்."

எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

ஜூன் 8

அத்தை வந்து அழைத்துப் போனாள். கிளம்பும் நேரத்தில் மாமா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "போ... போ..." அத்தை அவசரக்காரி. "போயிட்டு வான்னு சொல்றார்" என்று முந்தினாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் "இருங்க!" என்றோம். பாவம், அரண்டுவிட்டாள்.

எல்லாரும் வாசலில் நின்றோம். வெளியே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். அப்படியே நின்றோம்.

"போன்... பண்ணு."

"பண்றேன் பெரியப்பா. தெனமும்."

ஜூன் 9

இவர் அவளுடைய காலி நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிப்போட்டார். மாமா ஒற்றைக் கையால் அதை இழுத்து இழுத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

ஜூலை 17

மாமா இனிமேல் வண்டி சொல்லிக்கொடுக்க முடியாது என்று மருத்துவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். இவர் அண்ணன் தொடையில் கை வைத்தபடியே வந்தார். மாலை மகள் போனில் அழுதாள், மாமாவும் அழுதார். பிறகு அவள் சைக்கிளிலிருந்து விழுந்த கதையைச் சொல்ல, "மக்கு" என்றார். புதுச் சொல்.

ஆகஸ்ட் 14

மாமா பயிற்சிக்குப் போயிருந்தார். அங்கே வருகிற இன்னொரு நோயாளியோடு சேர்ந்துகொண்டு இப்போதெல்லாம் தாமதமாகத்தான் வருகிறார். வீட்டில் நான் மட்டும். அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தேன். இவர் வந்தார். மாமாவுக்கு மருந்து என்று பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இன்று இல்லை.

ஷூவைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நின்று, "தெரியுமா, இன்னைக்கு மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் ரூம்ல புறாக்கூடு" என்றார். மோட்டாரை ஒட்டி வைத்திருந்ததாம். உள்ளே ஒரு குஞ்சு. கூட்டை அலுங்காமல் எடுத்து வெளித் திட்டில் வைத்தாராம். அம்மாப் புறா தேடிக் கண்டுபிடிக்குமா என்று பார்க்க, வேலை முடிந்தும் கிளம்பாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருக்கிறார். "மூணு தடவ அந்தப் பக்கம் பறந்து போயிடுச்சுடி, எனக்கு உசிரே இல்ல..."

"அப்புறம்?" என்றேன்.

சொன்னார். புறா எப்படித் தலையைச் சாய்த்துப் பார்த்தது, எப்படி இறங்கியது என்று கழுத்தை வளைத்துக்கூடக் காட்டினார். பால் பொங்கி அடுப்பு அணைந்து, மேடையெல்லாம் வழிந்து ஓடியிருந்தது. வாசனை வந்த பிறகுதான் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.