காலை நிகழ்ச்சியில் நான் சொன்ன பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காப் போடறாரா, இல்லை இன்னும் உன்கிட்ட கண்ணாமூச்சி ஆடறாரா? நான் நல்லா இருக்கேன்.

ஒரு விஷயம். செல்போன்ல சுத்தி, அத்தை காதுக்குப் போய், கை கால் முளைச்சு உன்கிட்ட வர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன். ரேடியோவுல என் காலை நிகழ்ச்சிக்கு ஒரு வயசான அம்மா போன் பண்ணி, "தம்பி, எப்ப கல்யாணம்? என் தங்கச்சி பொண்ணு இருக்கா"ன்னாங்க. வழக்கமா பாட்டைப் போட்டு நழுவிடுவேன். அன்னிக்கு நழுவத் தோணலை.

"எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும்மா. நல்ல மாப்பிள்ளை இருந்தா சொல்லுங்க"ன்னேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர் தலையில கை வெச்சுட்டார். அந்த அம்மா போனை வைக்கலை. "சரி, பையன் உயரமா இருக்கணுமா?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கலை.

திட்டியும் சிலர் போன் பண்ணினாங்க. வேலை ஒண்ணும் போகலை. மறுநாளும் அதே மைக்லதான் பேசினேன், கவலைப்படாதே.

உனக்கு முன்னாடியே தெரியும். "பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம்"னு ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நீதான் களைச்சுட்டே. இனிமே சொல்ல வேண்டாம். அப்பாகிட்ட இதைப் படிக்கக் கொடு.

இங்கே எல்லாரும் மேசைக்கு மேல குடும்பப் படம் மாட்டியிருக்காங்க. என் மேசைக்கு மேல வெறும் ஆணிதான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு ஒரு படம் எடுத்து அனுப்புங்க. அப்பா இப்போதைக்கு மாட்டேன்னா, நீ மட்டும் நில்லு. பக்கத்துல அவருக்கு இடம் விட்டு நில்லு.

கூப்பிடறாங்க, ஓடறேன்.

உன் மகன்