துண்டுக்கு அடியில் ஒரு பேரம்

மாமா,

நீங்கள் சாய்ந்து தூங்கிய மூன்று தலையணைகளையும் இன்று மொட்டைமாடியில் வெயிலுக்குப் போட்டேன். ஒன்றில் இன்னும் மூக்குப்பொடி வாசம். விட்டுவிட்டதாக டாக்டரம்மாவிடம் சத்தியம் செய்தீர்களே, அதே பொடி. உறையைத் துவைக்க எனக்கு மனசு வரவில்லை.

மணப்பாறை மாட்டுச் சந்தையை அதட்டிய குரல் உங்களுடையது. இதயம் களைத்துப்போன பிறகு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்கு மூச்சு வாங்கினீர்கள். படுத்தால் மூச்சு முட்டும். மற்ற மருந்துகள் எல்லாம் கொடுத்தும் அந்தத் தவிப்பு அடங்கவில்லை. கடைசியில் ஸ்ரீரங்கம் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டரம்மா, கொஞ்சமாக மார்ஃபின் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

"இதயத்தைச் சரிபண்ணாதுங்க. மூச்சு முட்டுற தவிப்பு குறையலாம். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது."

உங்கள் மகன் ஒரேயடியாக மறுத்தார். "அது போதை மருந்துங்க டாக்டர். எங்கப்பா நினைவில்லாம கிடக்கணுமா?"

"அளவு பாத்துதாங்க குடுப்போம். மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து சேத்தே தரேன்." அப்போதும் உங்கள் மகன் மசியவில்லை.

வாதாட உங்களுக்கு மூச்சு ஏது? தோளில் கிடந்த துண்டை எடுத்து மகன் கைமேல் போட்டீர்கள். அதற்கு அடியில் அவர் விரல்களைப் பிடித்தீர்கள், சந்தையில் வாய் திறக்காமல் மாட்டுக்கு விலை பேசுகிற அதே மாதிரி. சின்ன வயதில் உங்களோடு சந்தைக்குப் போனவர். அந்த விரல் பேச்சு அவருக்கு அத்துப்படி. நீங்கள் பிடித்தீர்கள், அவர் உதறினார், மறுபடி பிடித்தீர்கள்.

"ஒரு வாரம் குடுத்துப் பாக்கச் சொல்றாருங்க," என்றார் டாக்டரம்மாவிடம். கண் கலங்கியிருந்தது. "சரி, குடுங்க."

மூச்சே இல்லாமல் பேரத்தில் ஜெயித்த ஆளை அன்றுதான் பார்த்தேன் மாமா. அசந்துபோனேன்.

சில நாளில் ஒரு காலை, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, இதைக் காப்பின்னு சொல்லி எத்தனை நாளா குடுத்துக்கிட்டிருக்கே?" என்றீர்கள். ஒரே மூச்சில் முழுசாக. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். கால் வீக்கம் போகவில்லை, நோயும் போகவில்லை. ஆனால் சாய்ந்தபடி தூங்கினீர்கள், பேரனை வம்புக்கு இழுத்தீர்கள். ஒரு வாரம் முடிந்ததைப் பற்றி உங்கள் மகன் பேசவே இல்லை. வேளை தவறாமல் அவரே மருந்தை அளந்து கொடுத்தார்.

போன மாதம் திருவானைக்காவலில் ஒரு வீட்டில் இதே மருந்துக்குப் பயந்தார்கள். இவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்: "எங்கப்பா கடைசி நாள் வரைக்கும் என்னைப் பேர் சொல்லித் திட்டினாருங்க."

எனக்கும் ஒரு திட்டு மிச்சம் இருக்கிறது. நீங்கள் போன அன்று மதியம், தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "ரசத்துல உப்பு கம்மிம்மா, நாளைக்காவது பாத்துப் போடு." நடுவில் எங்கேயும் மூச்சு வாங்கவில்லை.