ஆரஞ்சுப் பட்டு உடம்பு

அம்மா,

அப்பாவின் போன் என் மடியில் இருக்கிறது. உன் முதலாமாண்டு நினைவஞ்சலி ஃப்ளெக்ஸுக்காக மாமா அனுப்பிய மாதிரிப் படத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். மேலே உன் முகம். கழுத்துக்குக் கீழே ஆரஞ்சுப் பட்டு, ஆரம், கை நிறைய வளையல். ஞாயிற்றுக்கிழமை இது வந்தபோது அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தேன் இருக்கு" என்றார். எனக்கு அந்த உடம்பைத் தெரியும். பழங்காநத்தத்தில் நீ வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது. எத்தனையோ பேரின் தலையை நீயே அதில் ஒட்டியிருக்கிறாய்.

அப்பா தூங்கிவிட்டார். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. நாளைக் காலையில் படம் பிரிண்டுக்குப் போகிறது.

பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து உன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருவேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் ரெடிமேட் ஃபைல் வைத்திருந்தாய். சிங்கம், கிரீடம், மேகம், புறா. ஆனையூரில் செத்தவருக்கும் வில்லாபுரத்தில் செத்தவருக்கும் ஒரே புறாவா என்று நான் கேலி செய்வேன். கடை மாவில் சுட்டால் அது என் இட்லி இல்லையா என்று நீ திருப்பிக் கேட்பாய்.

ஒருநாள் ஓர் அண்ணன் தன் அம்மாவின் படத்தோடு வந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வயலில் நிற்கிற படம். பட்டுச்சேலையில் வேண்டும் என்றார். நீ இருக்கிற உடம்பையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாய். வேண்டாம், வேண்டாம் என்று வந்தவர் கடைசியில் ஒரு மாம்பழக் கலரில் நின்றார். அவர் போனதும், அது அவருடைய அம்மாவே இல்லை என்றேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்:

"உசுரோட இருந்தவரைக்கும் அந்தம்மா பட்டே கட்டலையாம்டி. செத்த பெறகாச்சும் மகன் கட்டி விடுறான். இதுல உனக்கு எங்க நோவுது?"

இன்றைக்கும் நீ சொன்னது தப்பென்று சொல்ல மாட்டேன். அந்தச் சேலை அந்த அண்ணன் தேடி எடுத்தது. உனக்கு யாரும் எதையும் தேடவில்லை அம்மா. மாமா போனில் சொன்னார், உன் இடத்தில் இப்போது இருப்பவர் கைக்கு முதலில் அகப்பட்டதை ஒட்டி அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, அப்பா தூங்கிய பிறகு அவர் போனில் விரலால் உன்னை வரைகிறேன். போட்டோவைக் கொடுத்தால் தானே வரைந்து தரும் ஆப் ஒன்றை என் வகுப்புப் பெண் சொன்னாள். போட்டுப் பார்த்தேன். நிமிஷத்தில் வந்தது. உன்னை வெள்ளைவெளேர் என்று ஆக்கி, உதட்டுக்குச் சாயமும் பூசியிருந்தது. அழித்துவிட்டேன்.

மாமாவை உனக்குத் தெரியும். "பத்தாவது முடியிறவரைக்கும் படம் கிடம்னு போனத் தொட்டுப் பாரு, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் பேச்சுக்கு அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார்.

சேலைதான் என்னை ரொம்பக் குழப்பியது. நீ கடைக்குக் கட்டிப்போன பச்சை பாலியஸ்டரா, பட்டா? பட்டே கட்டிவிட்டேன். ஒவ்வொரு மடிப்பும் என் விரல் வைத்தது. ஆனாலும் நீ வரவில்லை. யாரோ ஒருத்தி விறைப்பாக நின்றாள். பார்த்து வரையக் கழுத்துக்குக் கீழே உன் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

நேற்று யூனிஃபார்முக்கு அளவெடுத்த டெய்லர் அக்கா டேப்பை இழுத்துப் பிடித்தபடி சிரித்தார். "ஒங்க அம்மாவுக்கும் இப்படித்தேன். எடது தோளு இம்புட்டு எறங்கியிருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். இறங்கித்தான் இருக்கிறது. என் தோளைப் பார்த்து உன் தோளை வரைந்தேன். அப்புறம் கழுத்து தானாகச் சாய்ந்தது. நீ வந்துவிட்டாய்.

காலையில் மாமா வந்ததும் நானே போனை நீட்டுவேன். "அது அம்மா இல்ல மாமா, இதுதேன் அம்மா" என்று சொல்ல வேண்டும். சத்தம் வராமல் சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டு தடவை "அது அம்மா இல்ல" என்பதோடு நின்றுவிட்டேன். மூன்றாவது தடவை முழுசாக வந்தது. அவர் கத்துவார். கத்தட்டும். நீ கொடுத்த இந்தச் சாய்ந்த தோளோடு, நான் வரைந்த படம் கடைக்குப் போகிறவரைக்கும் அவர் முன்னால் நிற்பேன்.