சத்தமா சிரிச்ச குத்தம்

இல்லடி, நம்ம பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. உன் முட்டிவலியை அப்புறம் விசாரிக்கிறேன். பொண்ணு பாக்க வந்தவங்க, சத்தமா சிரிக்கிறா, அடக்கம் இல்லன்னு போயிட்டாங்க. அதுக்கு நீயும் அவளைத் திட்டுவியா? அது என் சிரிப்புடி. இங்க லாண்டரியில நான் அப்படிச் சிரிச்சா, கலகலப்பான பெரியவர்ங்குறாங்க. இஸ்திரிப்பெட்டி கையில லேசா சுட்டப்பவும் சிரிச்சே சமாளிச்சேன்.

போன வாரம் போன்ல அவகிட்ட உன்னைக் கிண்டல் பண்ணேன். சிரிக்காம 'ம்'னு மட்டும் சொன்னா. அதுலேர்ந்து எனக்கும் சிரிக்கத் தோணல. வேலை, சோறு, தூக்கம்.

நான் சொல்லச் சொல்ல இந்தக் கடுதாசியை எழுதிக்கிட்டிருந்த ரூம்காரர்கிட்ட, "நீங்களும் வாய் ஜாஸ்தின்னு ஒரு பொண்ணை மகனுக்கு வேணாம்னவர்தானே?"ன்னேன். பேனாவை வெச்சுட்டு எழுந்து போயிட்டார்.

மீதி நானே கிறுக்குறேன். சுட்ட கைக்குத் தைலம் அனுப்பு. அவ சிரிச்சா, போன்ல பதிஞ்சு அனுப்பு.