முதலாம் நாற்காலியில் உட்கார்ந்தவள்

அலையன்ஸ், நெப்ராஸ்கா
ஜூன் 16, 2011, வியாழன்

அன்புள்ள கிளீட்டஸ்,

போன சனிக்கிழமை டெட்வுட்டில் அந்தப் போக்கர் போட்டி மேசையைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். விட்டுப்போனவர் இருந்தால் நீயே சேர்த்துக்கொள்.

முதலாம் நாற்காலியில், உன் இடது கை எட்டும் தூரத்தில், நான். இரண்டில் ராப்பிட் சிட்டியிலிருந்து வந்த பல் டாக்டர். மூன்றில் காதுக்கருவி மாட்டிய ஆர்லோ. நான்கு காலி. ஐந்தில் பச்சைத் தொப்பி போட்ட பிள்ளைத்தாச்சிப் பெண். ஆறில் கறுப்புக் கண்ணாடி வெர்ஜில் ஸ்ட்ரௌட். நடுவில் சீட்டுப் போடும் டீலராக நீ. கூப்பிட்ட பிறகு வந்து நின்றவள் உங்கள் மேற்பார்வையாளர் டார்லீன். ஆக ஏழு பேர். ஆண்டவரையும் சேர்த்தால் எட்டு.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உன் சீட்டாட்டக் கூடத்திலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. வெர்ஜில் புகார் கொடுத்திருக்கிறார். அன்று நடந்ததை என் சொற்களில் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். கடைசிக் கேள்வி இது: "மேசையில் சீட்டுப் போட்ட டீலருக்கும் உங்களுக்கும் உறவு ஏதும் உண்டா?" பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை. முப்பதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

ஏழு வருடமாக ஒரே வீட்டில் இல்லாத கணவனை எந்தக் கட்டத்தில் போடுவது?

நீ போன பிறகு, உன்னை அத்தனை காலம் என் பக்கம் திரும்பவிடாமல் வைத்திருந்தது எது என்று பார்க்கத்தான் நானும் கணினியில் போக்கர் ஆடக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் எழுதினேன்: என்ன சீட்டு, என்ன செய்தேன், எதனால் தவறினேன். ஏழு நோட்டு நிரம்பிவிட்டது. ஏப்ரலில் அரசாங்கம் அந்த இணையதளங்களை மூடியபோது, இத்தோடு விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எட்டாவது நோட்டின் முதல் பக்கத்தில் என் கை "டெட்வுட்" என்று எழுதிவிட்டது.

நேரில் ஆடுவது இப்படி இருக்கும் என்று ஒரு நோட்டும் எனக்குச் சொல்லவில்லை. கணினியில் என் முகத்தை யாரும் பார்த்ததில்லை. என் முறை வந்தால் பொத்தான் ஒளிரும். இங்கே என் முறை என்று தெரியாமலே இரண்டு தரம் முந்திக்கொண்டு பந்தயச் சில்லுகளைத் தள்ளினேன். விரல் பட்டு ஓர் அடுக்கு சரிந்தது. கணினியில் பழகியவள் என்று மேசைக்கே தெரிந்துவிட்டது.

"என்ன அம்மணி, பொத்தானைத் தேடுறீங்களா? மேசைக்கு அடியில பாருங்க!" என்றார் வெர்ஜில்.

"சும்மா இருய்யா. உன்னை மாதிரி நாலு பேரை அவங்க வீட்டுல இருந்தே மென்னு துப்பியிருப்பாங்க," என்றார் ஆர்லோ.

அரை மணிக்கொரு தரம் டீலர் மாறுவார் என்றார்கள். மூன்றாவதாக நீ வந்தாய். நரைத்திருந்தாய். என்னைப் பார்த்தாய். சொந்தக்காரர் ஆடும் மேசையில் டீலர் உட்காரக் கூடாது, உடனே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தது. நீ சொல்லவில்லை. உட்கார்ந்தாய்.

வந்த கொஞ்ச நேரத்தில், ஆர்லோ காதுக்கருவியைச் சரிசெய்யத் தன் சீட்டுகளிலிருந்து கையை எடுத்தார். நீ ஒரு வார்த்தை பேசாமல் அவற்றை வாரிக்கொண்டாய். கையோ சில்லோ மேலே இல்லாத சீட்டு கைவிட்ட சீட்டு, அதுதான் விதி. "என் தப்புதான், விடு," என்றார் அந்த மனிதர்.

அப்புறம் அந்த ஆட்டம். வெர்ஜில் தன்னிடம் இருந்த அத்தனை சில்லுகளையும் முன்னால் தள்ளினார். அடுத்து நான் சொல்ல வேண்டும். கணினி முன்னால் மூன்று வருடமாகச் செய்துவந்ததையே செய்தேன்: கண்ணை மூடி, விரல்களைக் கோத்து, ஜெபித்தேன். கணினியில் சீட்டு எங்கும் போய்விடாது. இங்கே என் இரண்டு சீட்டுகளும் பச்சைத் துணியில் கவிழ்ந்து, மேலே கையோ சில்லோ இல்லாமல் கிடந்தன.

உன் கை வரும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"வெர்னா, கை," என்றாய்.

"ஏய்! அந்தப் பெரியவருக்கு மட்டும் வாரிட்டுப் போன. இவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறியா?" வெர்ஜில் எழுந்துவிட்டார். "பேரு வேற தெரியுது! பேர்ப் பலகையில 'வெ. கெஸ்லர்'னுதானே இருக்கு?"

டார்லீன் வந்தாள். "கிளீட், இவங்களை உனக்குத் தெரியுமா?"

நீ துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "தெரியாது."

"அப்போ விதிப்படி எடு," என்றாள். நீ எடுத்தாய்.

அதற்குப் பிறகு நான் நான்கு ஆட்டம்கூடத் தாங்கவில்லை. வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தபோது, உன் அரை மணி முடிந்து நீ என் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாய், வாரா வாரம் ஞாயிறு பூசைக்கு முன்னால் துடைப்பாயே, அதே மாதிரி. மதியத்துக்கு என்று கட்டி வந்திருந்த கறியும் முட்டைக்கோசும் வைத்த ரொட்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாய். அதை வெர்ஜில் பார்த்திருக்கிறார்.

நான் பொய் எழுதமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் எழுதுவதற்கு முன்னால் உன்னைக் கேட்காமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

வெர்னா


டெட்வுட், தெற்கு டகோட்டா
ஜூன் 20

வெர்னா,

கடிதம் கிடைத்தது. எனக்கு உன் மாதிரி எழுத வராது.

"இல்லை" என்ற கட்டத்தில் ஒரு கோடு போடு. அவ்வளவுதான் கேட்கிறேன். வெர்ஜில் புகார் கொடுத்தது ஆட்டத்தைப் பற்றி அல்ல, ரொட்டியைப் பற்றி. ரயில்வே வேலை போன பிறகு, நானே ஆடித் தோற்ற இரண்டு வருடத்துக்கும் பிறகு, என் கை ஒழுங்காகச் செய்தது இந்த ஒரு வேலையைத்தான். ஐந்து வருடமாக ஒரு சீட்டைக்கூடத் தவறிப் போட்டதில்லை. உறவை மறைத்தேன் என்று தெரிந்தால் என் உரிமத்தை எடுத்துவிடுவார்கள். பிறகு இந்த மாநிலத்தில் எந்த மேசையிலும் உட்கார முடியாது. எனக்கு அறுபத்து மூன்று வயது.

சொல்லாமல் கொள்ளாமல் நீ ஏன் வந்தாய்? ஒரு வரி எழுதியிருந்தால் அன்று நான் விடுப்பு எடுத்திருப்பேன்.

கிளீட்


அலையன்ஸ்
ஜூன் 23

அன்புள்ள கிளீட்டஸ்,

விடுப்பு எடுத்துவிடுவாய் என்றுதான் எழுதவில்லை.

படிவத்தைக் குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். முட்டை எடுக்கப் போனாலும் அது என்னைப் பார்க்கிறது, பால் எடுக்கப் போனாலும் பார்க்கிறது. செவ்வாயன்று பேனாவோடு போய் நின்றேன். உனக்காக "இல்லை" என்ற கட்டத்தில் பேனா முனையை வைத்தேன். ஒரு சின்னப் புள்ளி விழுந்துவிட்டது. அதற்கு மேல் கை போகவில்லை. இப்போது அந்தப் புள்ளியும் அங்கே இருக்கிறது.

உன்மேல் கோபமாக இருந்தேன். நற்கருணை வாங்கக்கூட எழுந்துபோகாமல் பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். ஒரே வார்த்தையில் என்னைத் துடைத்துவிட்டானே என்று. நேற்றுப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். உன் குற்றத்தை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால், சாமியார் கேட்டார்: "அது அவர் கணக்கும்மா. உன் கணக்கு என்ன?"

வண்டியில் வரும்போதுதான் உறைத்தது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது அந்தப் பெண் கேட்டாள், "பேரு?" நான் "கெஸ்லர்" என்றேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் விட்டுவந்த என் அப்பா வீட்டுப் பெயர். உன் குடும்பப் பெயர் ஹாஸ் என்று சொன்னால் யாராவது உன்னிடம் போய்ச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். ஆக அந்தக் கட்டடத்தில் முதலில் "தெரியாது" என்று சொன்னவள் நான்தான். நீ இரண்டாவது.

அதனால் உன்னைத் தண்டிக்க ஆம் போடமாட்டேன். உன்னைக் காப்பாற்ற இல்லையும் போடமாட்டேன். இருபத்தொன்பதாம் தேதி காலைத் தபால் வரைக்கும் காத்திருக்கிறேன். அதற்கு முன்னால் நீயே டார்லீனிடம் போய்ச் சொல்வதாக இருந்தால் சொல். பயந்துதான் சொல்கிறேன் இதையும். உன் கைக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்பதை நான் அரை மணி பக்கத்தில் இருந்து பார்த்தேன். சீட்டு உன் கையிலிருந்து போகும்போது சத்தமே இல்லை.

வெர்னா


டெட்வுட்
ஜூன் 26, ஞாயிறு

வெர்னா,

சொல்லிவிட்டேன்.

நேற்று வேலை தொடங்கும் முன் டார்லீன் அறைக்குப் போனேன். "அந்த முதலாம் நாற்காலி அம்மா என் மனைவி" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா உன்னை அடுத்த மேசைக்கு அனுப்பியிருப்பேனே கிளீட். பத்து நிமிஷ வேலை. ஏன்யா சொல்லல?"

"அதுக்குத்தான்," என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். உன்னைப் பார்த்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மாற்றிவிடுவார்கள். அரை மணி நேரம் உன் பக்கத்தில் உட்கார வேறு வழி தெரியவில்லை. இருபத்தெட்டு வருடமாக நீ கை கோத்தால் நான் கரண்டியைத் தொடாமல் காத்திருப்பேன். நீ கண்ணைத் திறந்த பிறகுதான் சாப்பாடு. அன்றும் நீ கை கோத்ததும் என் கை தானாக நின்றுவிட்டது. வாரச் சொல்லித்தான் கையிடம் சொன்னேன். கேட்கவில்லை. பிறகு டார்லீன் கேட்டபோது, வாய் மட்டும் வேலையைக் காப்பாற்றியது. அந்த "தெரியாது" இன்னும் நாக்கில் இருக்கிறது.

உரிமம் போய்விடும் என்றுதான் தெரிகிறது. விசாரணை முடியும்வரை மேசை கிடையாது. விஷயம் ஆர்லோவுக்கும் எட்டிவிட்டது. "பொண்டாட்டிக்கு மட்டும் நின்ன கை, எனக்கு ஏன்யா நிக்கல?" என்று தோளில் ஒரு குத்து விட்டார். வெர்ஜில் என்னைப் பார்த்தால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் போகிறார்.

ஒன்று கேட்கிறேன். நான் வாரியபோது பார்க்கவில்லை. டீலர் பார்க்கக் கூடாது. அந்த இரண்டு சீட்டு என்ன? நல்ல சீட்டாக இருந்து, என்னால் போயிருந்தால், அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ராணிகளா? மறைக்காமல் எழுது.

கிளீட்


அலையன்ஸ்
ஜூன் 29, புதன்

அன்புள்ள கிளீட்டஸ்,

உன் கடிதம் நேற்று வந்தது. சமையலறையில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். அடுப்பில் இருந்த ருபார்ப் இனிப்புப் பலகாரம் கருகியது. பரவாயில்லை.

இன்று புனித பேதுருவின் திருநாள். காலைப் பூசையில் பதினொரு பேர்தான். பேதுரு ஆண்டவரைத் "தெரியாது" என்று மறுத்ததும் சேவல் கூவியதைப் பற்றிச் சாமியார் பேசவில்லை. அதற்கு அப்புறம் கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, "வாங்க, சாப்பிடுங்க" என்று ஆண்டவர் கூப்பிட்டதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். நான் எழுந்துபோய் நற்கருணை வாங்கினேன்.

பிறகு தபால் நிலையத்துக்குப் போனேன். படிவத்தில் "ஆம்" போட்டிருக்கிறேன். என்ன உறவு என்ற இடத்தில் "கணவர்" என்று எழுதினேன். கையெழுத்து வெர்னா ஹாஸ். பெயரை மாற்றிக் கொடுத்தது என் தவறு என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். "இல்லை" கட்டத்தில் விழுந்த புள்ளியை அழிக்கவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

சீட்டைப் பற்றிக் கேட்டாய். ராணிகள் இல்லை. எட்டாவது நோட்டில் எழுதியிருக்கிறேன், பார்த்தே சொல்கிறேன்: ஸ்பேடு ஒன்பது, டைமன் நான்கு. கணினியில் அரை நொடியில் விட்டுவிடும் சீட்டு. வெர்ஜில் தள்ளியதும், விடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதனால் உன்னால் எனக்கு ஒரு சில்லுகூடப் போகவில்லை. அந்தப் பாரத்தை இறக்கி வை.

அப்படியானால் எதற்கு ஜெபித்தாய் என்று கேட்பாய். சீட்டுக்காக இல்லை. நீ என் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாய். ஏழு வருடத்தில் முதல் தடவை. சட்டைக் கை கிழிந்து, வேறு நிற நூலில் தைத்திருந்தாய். "இவன் இன்னும் என்னைப் பார்க்கிறானா, காட்டும்" என்று கேட்டேன். அப்போதுதான் உன் கை நின்றது. பதில் அங்கேயே வந்துவிட்டது. நான்தான் அதற்கு அடுத்து வந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் அழுதேன்.

வேலை போனதற்கு நான் சந்தோஷப்படவில்லை. அதைத் தெரிந்துகொள். திரும்பக் கொடுத்தால் நீ போய் உட்கார வேண்டும், நானும் எதிர்ப்பேச்சு பேசமாட்டேன். வேறு மேசையில் நானும் வந்து ஆடுவேன், ஹாஸ் என்ற பெயரிலேயே. சீட்டின் மேல் ஒரு சில்லை வைத்துவிட்டு ஜெபிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். வீட்டில் ஒரு வெள்ளைப் பட்டனை வைத்துப் பழகுகிறேன், உன் பழைய மேல்சட்டையிலிருந்து விழுந்தது.

ஜூலை பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அதே ரொட்டிதான். முந்தின நாளே மாவு பிசைந்து வைக்க வேண்டும், ஒருவருக்கா இருவருக்கா என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ வருகிறாயா? சீக்கிரம் பதில் எழுது.

உன் மனைவி
வெர்னா