யாருடைய கல்வெட்டு?

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். குவேக்கர்ஸ் ஹில்லில் குளிர் மட்டும்தான் தொல்லை.

ஒரு வேடிக்கை கேளுங்கள். எழுதிப் பிழைக்கிறவள் வந்த வேலையைத் தட்டக்கூடாது என்று, முன்பின் தெரியாத ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவாக அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தை எழுதிக் கொடுத்தேன். அவருடைய மகன் சொன்ன விவரம் நாலு வரிதான். மிச்சத்துக்கு, எங்கள் அப்பா சைக்கிளை விட்டு இறங்காமலே பேப்பர் வாசிப்பதையும், கோபம் வந்தால் மட்டும் உங்களை ‘நீங்கள்’ என்பதையும் சேர்த்துவிட்டேன். மகன் வாசித்துவிட்டு அழுதார்.

“அப்பா அப்பிடியேதான், அக்கா. உங்களுக்கு அவரைத் தெரியுமோ?”

“ஓம்” என்றேன்.

அப்பாவுடைய கல்வெட்டை எழுதித் தரச்சொல்லி நீங்கள் கேட்டபோது, கட்டுரை ஒன்று அவசரம் என்று சொல்லிவிட்டேன். பிறகு வேறு யாரோ எழுதின அந்தக் கல்வெட்டில் ஒரு பிரதி இருந்தால் மிளகாய்த்தூளோடு அனுப்பிவிடுங்கள். போன் அடிக்கிறது, முடிக்கிறேன். அதை எழுதியவருக்கு அப்பாவைத் தெரியுமோ?

உங்கள்
வதனி